விரிவுரையில் மனம் அலைகிறதா? விட்ட இடத்தை ஏஐயோடு பிடிக்கும் முறை

கம்பஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் அரையாண்டில் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். “விரிவுரைக்கு ஒழுங்காப் போறன், முன் வாங்கிலதான் இருக்கிறன். ஆனா கொஞ்ச நேரத்தில மனம் எங்கயோ போயிடுது. திரும்பி வந்து பார்த்தா நாலு ஸ்லைட் தாண்டிட்டுது.” சொல்லும்போதே குரலில் ஒரு குற்ற உணர்வு தெரியும். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளைகூடத் தனக்குத் தலை மழுங்கிவிட்டதோ என்று யோசிக்கத் தொடங்கிவிடும். அப்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளது. அலைந்த மனம் திரும்பி வரும்போது என்ன செய்வது என்பதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவின் (ஏஐ) பக்கம் இதுவரை போகாதவர்களும், கையில் இருக்கும் சாதாரண போனையும் ஒரு கொப்பியையும் வைத்துக்கொண்டு இன்றிரவே தொடங்கலாம். காசு கட்ட வேண்டியதில்லை.

ஏன் அலைகிறது

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மத்தியூ கில்லிங்ஸ்வேர்த், டானியல் கில்பேர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், நாளில் நினையாத நேரங்களில் போன் வழியாக, “இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதிலேயே இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 47 சதவீத நேரங்களில் மனம் செய்கிற வேலையில் இல்லை. வளர்ந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆகவே ஒரு மணித்தியால விரிவுரையில் சில தடவை நழுவுவதை நோயென்று எண்ணத் தேவையில்லை.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இதற்கு மேலதிகமாக இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ரியூசனில் ஆசிரியர் குறிப்புச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். ஓடிக்கொண்டிருந்த கை மனதையும் பிடித்து வைத்திருந்தது. கம்பஸில் யாரும் குறிப்புச் சொல்வதில்லை. ஸ்லைட் ஓடும், விரிவுரையாளர் கதைப்பார், எதை எழுதுவது என்பதை நாங்களே முடிவெடுக்க வேண்டும். கைக்கு வேலை இல்லாமல் போனதும் மனமும் கழன்றுவிடுகிறது.

மற்றது மொழி. உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் போன்ற பீடங்களுக்கு வந்தவுடன் ஆங்கிலத்தில் கேட்கிறோம். தெரியாத சொல் ஒன்று காதில் விழுந்ததும் மனம் அந்த இடத்திலேயே நின்று அதற்குப் பொருள் தேடுகிறது. அதற்குள் விரிவுரை இரண்டு வசனம் முன்னே போய்விடும். நாலைந்து தரம் இப்படி நடந்தால் மனம் கைவிட்டுவிடும். பார்ப்பவர்களுக்குப் பிள்ளை பராக்குப் பார்ப்பதாகத் தெரியும். உண்மையில் அது களைத்துப் போயிருக்கிறது. சித்திரை, வைகாசி வெக்கையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் விரிவுரை எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏஐக்கு எந்த வேலையைக் கொடுப்பது

புதிதாக வருகிறவர்கள் முதலில் நினைப்பது இதுதான்: விரிவுரையைப் போனில் ஒலிப்பதிவு செய்வோம், ஏஐ அதை எழுத்தாக்கிச் சுருக்கித் தரும், இரவில் அதைப் படித்தால் போதும். இந்த யோசனையை முதலிலேயே கைவிடுங்கள் என்று சொல்வேன். எல்லாம் பதிவாகிறது என்று மனதுக்குத் தெரிந்தால் அது இன்னும் தாராளமாக அலையும். இரவில் வரும் சுருக்கமும் அழகாக, ஒழுங்காக இருக்கும். வாசித்தால் எல்லாம் விளங்கியது போலிருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரு வெற்று ஒற்றையை எடுத்து எழுதிப் பாருங்கள், அதில் பாதிகூட வராது.

நான் ஏஐக்குக் கொடுக்கச் சொல்லும் வேலை இரண்டு. நீங்கள் நழுவிய அந்த இடத்தை மட்டும் விளங்கவைப்பது. பிறகு உங்களிடம் கேள்வி கேட்பது. விரிவுரையைக் கேட்கிற வேலையும் யோசிக்கிற வேலையும் உங்களிடமே இருக்க வேண்டும்.

கேள்வி கேட்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர்கள் கார்ல் ஸ்புனாரும் டானியல் ஷாக்டரும் இன்னொருவரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புள்ளிவிபரவியல் காணொளி விரிவுரையை நாலு துண்டாக வெட்டி மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சின்னச் சோதனை. மற்றவர்களுக்கு அது இல்லை. இடையிடையே மனம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள். சோதனை இல்லாதவர்களின் மனம் ஏறத்தாழ 40 சதவீதத் தடவைகள் வெளியே இருந்தது. சோதனை எழுதியவர்களிடம் அது ஏறத்தாழ அதில் பாதி. அவர்கள் குறிப்பும் கூட எடுத்தார்கள், இறுதிச் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். அடுத்து ஒரு கேள்வி வரப்போகிறது என்று தெரிந்த மனம் அவ்வளவு இலகுவில் வெளியே போவதில்லை.

படி 1: ஒரு செயலி, ஒரு கணக்கு

சாட்ஜிபிடி, ஜெமினி, க்ளோட் என்ற ஏஐ செயலிகள் மூன்றிலும் இலவசக் கணக்கு திறக்கலாம், மூன்றும் தமிழில் கதைக்கும். எது நல்லது என்று ஒரு கிழமை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள். மின்னஞ்சல் முகவரியோடு தொடங்கலாம், சிலவேளை போன் எண்ணும் கேட்பார்கள். கணக்குத் திறந்ததும் அமைப்புகளுக்குள் போய், உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் தெரிவு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

தமிழில் தட்டுவது சிரமமென்றால் கூகிள் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுப் பேசலாம். மொழித் தெரிவில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது. எங்கள் பேச்சு அதில் எழுதப்பட்டு வரும்போது அங்கங்கே பிழைக்கும். பரவாயில்லை, ஏஐ பெரும்பாலும் கருத்தைப் பிடித்துவிடும். பாடச் சொற்களை மட்டும் தட்டியே எழுதுங்கள்.

படி 2: முதல் நாள் இரவு, பத்து நிமிடம்

விரிவுரை தொடங்கும்போது சொற்கள் ஏற்கெனவே பழக்கமாக இருந்தால், நான் மேலே சொன்ன மொழிக் களைப்பு பாதி குறையும். ஸ்லைட் முன்கூட்டியே கிடைத்தால் தலைப்புகளை மட்டும் எடுங்கள். கிடைக்காவிட்டால் பாடத்திட்டத்தில் அந்தக் கிழமைக்குரிய வரியே போதும், அல்லது ஒரு சீனியர் அக்காவிடம், அண்ணாவிடம் போன வருடக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். பிறகு ஏஐயிடம் இப்படி எழுதுங்கள்:

“நான் பல்கலைக்கழக முதலாம் வருட மாணவி. உயர்தரம் தமிழில் படித்தேன், விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். நாளைய விரிவுரைத் தலைப்புகள் கீழே உள்ளன. காதில் விழுந்தவுடன் நான் அடையாளம் காண வேண்டிய பத்து ஆங்கிலச் சொற்களைத் தா. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரிப் பொருள் எழுது. பிறகு இந்த விரிவுரையைக் கேட்டால் பதில் தெரியவரும் என்று நீ நினைக்கும் மூன்று கேள்விகளைத் தா. பதிலைச் சொல்லாதே.”

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். பதிலும் வந்துவிட்டால் நாளைக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று மனம் நினைத்துக்கொள்ளும். அந்தப் பத்துச் சொற்களையும் மூன்று கேள்விகளையும் கொப்பியின் புதிய பக்கத்தில் மேலே கையால் எழுதிவிட்டுப் படுங்கள். நாளைக்கு விரிவுரையில் அந்த மூன்றுக்கும் பதில் பிடிப்பதுதான் உங்கள் வேலை.

படி 3: விரிவுரைக்குள்

போன் பைக்குள் போகட்டும். ஏஐயைப் பற்றி எழுதுகிறேன் என்றாலும், விரிவுரை மண்டபத்துக்குள் அதற்கு வேலை இல்லை. “இந்தச் சொல்லை மட்டும் பார்ப்பம்” என்று எடுத்தால் வட்ஸ்அப் குறூப்பில் போய்த்தான் நிற்கும். லப்டொப்பும் அப்படித்தான். கனடாவில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், வகுப்பில் லப்டொப்பில் வேறு வேலை பார்த்தவர்களோடு, அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் இருந்தவர்களும் சோதனையில் குறைவாகவே எடுத்தார்கள். ஆகவே முன்னால் யாரும் திரை திறந்து வைத்திருந்தால் இடம் மாறி இருங்கள்.

கொப்பியின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இந்த முறையின் உயிர் அந்த ஒடுங்கிய ஓரத்தில்தான் இருக்கிறது. மனம் வெளியே போய்த் திரும்பி வந்த அந்தக் கணத்தில், “ஐயோ, விட்டுவிட்டேன்” என்று உங்களைத் திட்டிக்கொள்வதற்குப் பதிலாக ஓரத்தில் மூன்றைக் குறியுங்கள்: நேரம், இப்போது ஓடும் ஸ்லைட்டின் எண், கடைசியாகக் காதில் விழுந்ததாக நினைவிருக்கும் சொல். உதாரணமாக: 10.22, ஸ்லைட் 14, “நாற்பது மடங்கு”. எழுத ஐந்து விநாடிகூடப் போகாது. எழுதி முடித்ததும் இப்போது சொல்லப்படுவதைக் கேளுங்கள். விட்டதை அங்கேயே பிடிக்கப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் வேண்டாம். விட்ட ஒரு நிமிடத்தைத் தேடப் போய் அடுத்த பத்து நிமிடத்தையும் இழப்பதுதான் வழமையாக நடக்கிறது.

முதல் நாட்களில் ஓரம் முழுக்கக் குறிகள் விழும். அது நல்லது. முன்பும் அத்தனை தடவை நழுவிக்கொண்டுதான் இருந்தீர்கள், இப்போது அது கண்ணுக்குத் தெரிகிறது. சில கிழமைக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் தெரியவரும். சிலருக்குச் சமன்பாடு வரும் இடமெல்லாம் நழுவும். சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாடம் இலகுவாகி அலுப்புத் தட்டும் இடத்தில் கழன்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஒலிப்பதிவு பற்றி

கேட்காமல் யாருடைய குரலையும் பதிவு செய்யாதீர்கள். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் வந்திருக்கிறது, ஆனால் சட்டம் வராவிட்டாலும் இது மரியாதை சம்பந்தப்பட்டது. “சேர், எனக்கு ஆங்கிலம் பிடிபடக் கொஞ்சம் நாள் எடுக்குது, எனக்காக மட்டும் பதிவு செய்யலாமா?” என்று நேரே கேளுங்கள். அனுமதி தந்தால் பதிவு செய்யுங்கள், குறூப்பில் பகிராதீர்கள். மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் நோயாளர் பற்றிய எதையும், பெயர் இல்லாவிட்டாலும், இந்தச் செயலிகளுக்குள் போடவே கூடாது.

பதிவு இருந்தாலும் முழுவதையும் எழுத்தாக்க வேண்டாம். ஓரத்தில் நேரம் குறித்திருக்கிறீர்கள் அல்லவா? 10.22க்கு முன்னே இரண்டு நிமிடம் போய், அந்தத் துண்டை மட்டும் கேளுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து, மின்விசிறிச் சத்தத்துக்குள் நடக்கும் விரிவுரையை எழுத்தாக்கும் கருவிகள் இன்னும் நிறையப் பிழை விடுகின்றன. அதுவும் பாடச் சொற்களில்தான் கூடப் பிழைக்கும். டேட்டாவும் போகும்: நடுத்தரமான தரத்தில், விநாடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில், ஒரு மணித்தியாலப் பதிவு ஏறத்தாழ 29 மெகாபைட் வரும். எழுத்தில் கேட்கும் கேள்விக்கு அதில் சிறு துளியும் தேவையில்லை.

படி 4: அன்று பின்னேரம், விட்ட இடத்தைப் பிடித்தல்

இதை அன்றைக்கே செய்ய வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே முடிந்தால் இன்னும் நல்லது. முதலில் கொப்பியை மூடிவிட்டு, விரிவுரையில் நினைவிருப்பதை ஒரு ஒற்றையில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து ஓரக் குறிகளைப் பாருங்கள். சில குறிகள் ஸ்லைட்டைப் பார்த்ததுமே தீர்ந்துவிடும், அவற்றுக்கு ஏஐ வேண்டாம். மிஞ்சியதை மட்டும் கொண்டு போங்கள்:

“கீழே இருப்பது ஒரு ஸ்லைட்டில் உள்ளதும், அதற்கு முன்பும் பின்பும் நான் எழுதிய குறிப்பும். நடுவில் எனக்கு விட்டுப்போனது எப்படி இந்த எண் வந்தது என்பது. உடனே விளக்கத்தைச் சொல்லாதே. எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிய ஒரு கேள்வி கேள். என் பதிலை வைத்து அடுத்த கேள்வியைக் கேள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. நான் தந்த குறிப்பில் இல்லாத எதையாவது சொன்னால், அது குறிப்பில் இல்லை என்று சொல்லு.”

இது எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்தை வைத்துக் காட்டுகிறேன். நிலத்தடி நீர் பற்றிய விரிவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயரத்துக்கு நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே அது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு இருக்கும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு. விரிவுரையில் “நாற்பது மடங்கு” என்பது காதில் விழுந்தது, ஏன் நாற்பது என்பது விட்டுப்போனது.

மேலே உள்ளபடி கேட்டால் ஏஐ அனேகமாக இப்படித் தொடங்கும்: நன்னீர், கடல்நீர் இரண்டில் எதன் அடர்த்தி கூட? கடல்நீர் என்று எழுதுவீர்கள். எவ்வளவு கூட? ஸ்லைட்டைப் பார்த்தால் நன்னீருக்கு 1.000, கடல்நீருக்கு 1.025 என்றிருக்கும். அப்படியானால் வித்தியாசம் எவ்வளவு, நன்னீரின் அடர்த்தியை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் என்ன வரும்? 1.000ஐ 0.025ஆல் வகுக்கிறீர்கள், 40 வருகிறது. அந்த எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், இனி மறக்காது. ஏஐ முதல் வரியிலேயே “இரண்டு நீரின் அடர்த்தி வித்தியாசத்தால்” என்று சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போயிருப்பீர்கள்.

அத்தோடு நிறுத்தாமல், “இதை வைத்து என் ஊர்க் கிணற்றைப் பற்றி ஒரு கணக்குத் தா” என்று கேளுங்கள். தோட்டக் கிணற்றில் மோட்டர் போட்டு இறைத்து அந்த இடத்து நீர்மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால், கீழே உப்புநீர் எல்லை காலப்போக்கில் எவ்வளவு மேலே வரும் என்று கேட்கும். 20 மீற்றர். கோடையில் ஓயாமல் இறைத்தால் கிணறு உவர்க்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதற்குக் கணக்கு இதுதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதும் அப்போது விளங்கும். தனக்குத் தெரிந்த ஓர் இடத்தோடு பாடம் ஒட்டிக்கொண்டால், அடுத்த விரிவுரையில் மனம் அந்தப் பக்கமே நிற்கப் பார்க்கும்.

படி 5: சரிபார்த்தல்

இந்தச் செயலிகள் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். தொனியில் வித்தியாசம் தெரியாது. அதனால் எண், அலகு, சூத்திரம், இடப்பெயர், ஆண்டு ஆகிய எதையும் ஸ்லைட்டோடு அல்லது பாடநூலோடு ஒப்பிடாமல் கொப்பியில் ஏற்றாதீர்கள்.

அலகுதான் அதிகம் ஏமாற்றும். குடிநீரில் நைத்திரேற்று இருக்கக்கூடிய அளவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைத்திரேற்றுக்குள் இருக்கும் நைதரசனின் அளவாகச் சொன்னால் ஏறத்தாழ 11 வரும். இரண்டும் சரி. ஆனால் ஸ்லைட்டில் ஒன்றும் ஏஐயின் பதிலில் மற்றதும் இருந்தால், எதில் பிழை என்று குழம்புவீர்கள், அல்லது இன்னும் மோசமாக, எண்ணை ஒன்றிலிருந்தும் அலகை மற்றதிலிருந்தும் எடுத்து எழுதுவீர்கள். எங்கள் ஊர்க் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று கூடுவது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பிழை சின்னதல்ல.

ஒத்துப்போகாவிட்டால் நண்பரைக் கேளுங்கள், அவருக்கும் தெரியாவிட்டால் விரிவுரையாளரைக் கேளுங்கள். “ஒன்றும் விளங்கேல்லை, சேர்” என்று போய் நிற்கும் பிள்ளைக்கு யாராலும் உதவ முடியாது. “ஸ்லைட் 14இல் இந்த அளவு நைத்திரேற்றாகவா, நைதரசனாகவா, மிஸ்?” என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வரும். எங்கள் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. கேள்வி சின்னதாகவும் கூராகவும் இருந்தால் அந்தக் கூச்சம் தானாகவே குறைகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மூன்று நாலு பேர் சேர்ந்து ஓரக் குறிகளை ஒப்பிடுவது இதைவிட நல்லது. ஒருவர் நழுவிய இடத்தில் மற்றவர் விழிப்பாக இருந்திருப்பார். எல்லோரும் ஒரே இடத்தில் நழுவியிருந்தால் அது பாடத்தின் கடினமான இடம். அதை விரிவுரையாளரிடம் சொன்னால் அவருக்கும் பயன்படும்.

படி 6: திரும்பச் சோதித்தல்

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. ஒரு பந்தியைப் படித்துவிட்டு, சிலர் அதைத் திரும்ப வாசித்தார்கள், சிலர் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தால் வாசித்தவர்கள் கொஞ்சம் முன்னே நின்றார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42. சோதனைக்கு முதல் நாள் இரவு விழித்திருந்து வாசிக்கும் எங்கள் பழக்கத்துக்கு எதிரான செய்தி இது.

ஆகவே அடுத்த நாள் ஒரு தடவை, ஒரு கிழமை கழித்து ஒரு தடவை, ஏஐயிடம் உங்கள் குறிப்பைக் கொடுத்து இப்படிச் சொல்லுங்கள்:

“இந்தக் குறிப்பிலிருந்து ஐந்து கேள்விகள் கேள். ஒவ்வொன்றாகக் கேள். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கட்டும். நான் தமிழில் பதில் சொன்னால், சரியா பிழையா என்று சொல்லிவிட்டு, அதே கருத்தைச் சோதனையில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு வசனத்தில் காட்டு. ஓரத்தில் குறியிட்ட இடங்களிலிருந்து கூடுதலாகக் கேள்.”

கருத்தைத் தாய்மொழியில் பிடித்துப் பிறகு சோதனை மொழிக்கு மாற்றும் இந்தப் பயிற்சியை, தமிழில் உயர்தரம் முடித்துவந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்வேன். ஆங்கில வசனத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விடாமல், மூடிவிட்டு நீங்களே எழுதுங்கள். பஸ்ஸில் பருத்தித்துறையிலிருந்தோ காரைநகரிலிருந்தோ வந்து போகிறவர்களுக்கு ஐந்து கேள்விக்கு அந்த நேரமே போதும்.

அடையாளம் காண வேண்டிய சொற்களை அட்டைகளாக வைத்துப் பார்க்க அங்கி (Anki) என்ற செயலி இருக்கிறது, அன்ட்ரொயிட் போனில் இலவசம். இது விருப்பமானவர்களுக்கு. பல செயலிகளைச் சேர்த்துக்கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்துவதிலேயே நேரத்தைப் போக்கும் பிள்ளைகளும் உண்டு.

இன்னுமொன்று. ஒப்படைகளை ஏஐ எழுதித் தருவது இந்த முறைக்குள் வராது. உங்கள் பீடத்தில் அதற்கு என்ன விதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கற்பிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

மேலே சொன்ன, விரிவுரையைத் துண்டாக வெட்டி இடையிடையே சோதித்த 2013 ஆய்வு மாணவர்களைவிட விரிவுரையாளர்களுக்குத்தான் கூடப் பயன்படும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டால் வகுப்பே மாறும். கேள்வி தயாரிக்க நேரமில்லை என்பதுதான் வழமையான தடை. உங்கள் ஸ்லைட்டை ஏஐயிடம் கொடுத்து, “ஒவ்வொரு ஐந்து ஸ்லைட்டுக்கும் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்வி, மாணவர்கள் வழமையாக விடும் பிழை ஒன்றையும் தெரிவாகச் சேர்த்து” என்று கேட்டால் சில நிமிடத்தில் வரும். பத்தில் நாலைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும், மிச்சம் நல்லதாக இருக்கும். புள்ளி போடத் தேவையில்லை. கையை உயர்த்தச் சொன்னாலே போதும்.

கமராவை வைத்து முகத்தைப் பார்த்து, யார் கவனிக்கிறார்கள் என்று கணிக்கும் ஏஐயும் இருக்கிறது. அதை வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கல்வி நிலையங்களில் ஏஐயால் உணர்ச்சியை ஊகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரியிலிருந்து, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, தடை செய்துவிட்டது. கண்காணிக்கப்படுகிறேன் என்று பயப்படும் பிள்ளை கவனிப்பது போல நடிக்கப் பழகும். பாடத்தில் அதன் மனம் இருக்காது.

அலைச்சல் வேறு காரணத்தால் வந்தால்

மூன்று நாலு கிழமை இந்த முறையை ஒழுங்காகச் செய்தும் ஓரக் குறிகள் கொஞ்சமும் குறையவில்லை என்றால், முதலில் நித்திரையைப் பாருங்கள். இரவு ஒன்றரை மணிக்குப் படுத்துவிட்டுக் காலை விரிவுரையில் கவனத்தைத் தேடிப் பயனில்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிறவர்களும் அதிகம், விடுதிப் பிள்ளைகள் குறிப்பாக.

நித்திரையும் சாப்பாடும் சரியாக இருந்து, விரிவுரையில் மட்டுமல்லாமல் படம் பார்க்கும்போதும் நண்பர்களோடு கதைக்கும்போதும் மனம் நிற்காமல், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றிருந்தால், அது கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடாக (ADHD) இருக்கலாம். வீட்டுக் கவலை, காசுக் கஷ்டம், இழப்பு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைத் தின்னும். இவற்றை ஏஐயிடம் கேட்டு நீங்களே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். பீடத்தில் மாணவ ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடமோ பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம், அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. போகும்போது ஓரக் குறிகள் உள்ள கொப்பியையும் கொண்டு போங்கள். எப்போது, எவ்வளவு தடவை, எந்த நேரத்தில் நழுவுகிறது என்று வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கு நேரத்தோடு குறித்த பதில் அதில் இருக்கும்.